ப்ளஸுக்கு ப்ளஸ் கொடுத்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிறு ஆலைகளில் பிஎல்சி, அதாவது இயந்திரங்களை ஓட்டும் கன்ட்ரோல் கம்ப்யூட்டர், பொருத்துவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஒரு இடம்தான் இடித்தது. 4–20 மில்லி ஆம்ப் டிரான்ஸ்மிட்டரின் (அழுத்தம், மட்டம் போன்ற அளவை கரன்ட்டாக அனுப்பும் கருவி; 4 என்றால் 0 சதவீதம், 20 என்றால் 100 சதவீதம்) அவுட்புட்டை ப்ளஸுக்கு ப்ளஸ், மைனஸுக்கு மைனஸ் கொடுத்தால் போதும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அதை நம்பி ஒயர் சொருகினால் பிஎல்சியின் இன்புட் கார்டு போகலாம்.

லூப்புக்கு, அதாவது டிரான்ஸ்மிட்டரிலிருந்து பிஎல்சி வரை கரன்ட் சுற்றி வரும் சர்க்யூட்டுக்கு, 24 வோல்ட் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டூ ஒயர் பிரஷர் டிரான்ஸ்மிட்டருக்குச் சொந்த சப்ளை கிடையாது, பேனல் கொடுப்பதில்தான் ஓடும். ஃபோர் ஒயர் ஃப்ளோ மீட்டருக்குத் தனியாக 230 வோல்ட் போகும். பல மாடல்களில் அவுட்புட் கரன்ட்டையும் அதுவே தள்ளும். பிஎல்சி சேனலும் 24 வோல்ட் தருகிற வகையாக இருந்தால் இரண்டு சப்ளையும் மோதிக்கொள்ளும். அதிர்ஷ்டம் இருந்தால் ஃபியூஸோடு போகும். அங்கே சப்ளை தராத இன்புட்டில் கொடுக்க வேண்டும், இல்லை நடுவில் ஐசொலேட்டர் (இரண்டு பக்கத்தையும் பிரித்து வைத்து சிக்னலை மட்டும் கடத்துவது) போட வேண்டும்.

கார்டு எரிந்தால்கூட உடனே தெரிந்துவிடும். பொய் ரீடிங் அப்படியல்ல. ஒரு லெவல் டிரான்ஸ்மிட்டருக்குக் குறைந்தது 12 வோல்ட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 24-ல் மிச்சம் 12 வோல்ட். 20 மில்லி ஆம்ப் ஓட லூப்பில் 600 ஓம் வரைதான் தாங்கும். பிஎல்சி 250, இண்டிகேட்டர் 250, சரி, ஒயரையும் சேர்த்து ஓடிவிடும். அப்புறம் யாரோ ஒருவர் 250 ஓம் ரெக்கார்டர் ஒன்றையும் சீரிஸில் சேர்க்கிறார். மொத்தம் 750. இனி 16 மில்லி ஆம்ப்பைத் தாண்டாது, அதாவது 75 சதவீதம். தொட்டி நிரம்பி வழிந்தாலும் திரையில் 75-தான். 90-ல் வைத்த அலாரம் அடிக்கவே அடிக்காது. பழைய அனலாக் ரக டிரான்ஸ்மிட்டர் அந்த 75-லேயே நிற்கும். மைக்ரோ பிராசஸர் உள்ளது சில சமயம் அணைந்து அணைந்து எழும்.

இதைக் கண்டுபிடிக்க டிரான்ஸ்மிட்டரிலேயே லூப் டெஸ்ட் போட்டு, அதையே 20 மில்லி ஆம்ப் அனுப்பச் சொல்லி, ஓட்டிப் பார்க்க வேண்டும். நம் ஆட்கள் பேனலில் கேலிபிரேட்டரை (தானே கரன்ட் தரும் சோதனைக் கருவி) வைத்து கரன்ட் கொடுத்துப் பார்த்துவிட்டு ஓகே எழுதிவிடுகிறார்கள். அதில் இந்தக் கோளாறு சிக்காது.

ஓடும் லூப்பில் ஒயரைக் கழற்றி மல்டிமீட்டர் நுழைப்பவர்களும் உண்டு. அந்த நொடியில் சிக்னல் பூஜ்யமாகி பாய்லரே டிரிப் ஆகலாம். பல டிரான்ஸ்மிட்டர்களில் டெஸ்ட் டெர்மினல் இருக்கிறது. மீட்டரை மில்லி ஆம்ப்பில் வைத்து அங்கே தொட்டால் லூப் அறுபடாமலே ரீடிங் கிடைக்கும். ஆனால் சப்ளை ஒயரை மாற்றி அந்த டெர்மினலில் கொடுத்தால் உள்ளே இருக்கும் டையோடு எரிந்துவிடும். அப்புறம் பழையபடி ஒயரைக் கழற்றித்தான் அளக்க வேண்டும். கேபிளின் ஷீல்டை (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்வது பற்றிக் கட்டுரையிலேயே இருக்கிறது, அது சரி.

அடுத்த இதழில் டூ ஒயருக்கும் ஃபோர் ஒயருக்கும் தனித்தனி ஒயரிங் படம் போடுங்கள். 24 வோல்ட் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதற்கு ஒரு அம்புக்குறியும், ஒவ்வொரு கருவிக்கும் எத்தனை ஓம் என்பதும் படத்திலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன் ஒருவர்,
ராணிப்பேட்டை