ஒலிக்கூடத்தைச் சைகையில் விளக்கித் தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். எங்கள் அறிவியல் காட்சியகத்தின் ஒலிக்கூடத்தில் உள்ளவற்றைக் காது கேளாத பார்வையாளர்கள் கைபேசி வழியே சைகை மொழியில் அறிந்துகொள்ளும் ஏற்பாடு இம்மாதம் பயன்பாட்டுக்கு வந்துள்ளது. இதற்குத் துணைநின்றவர்களுக்குத் தன்னார்வலர் குழுவின் சார்பில் நன்றி தெரிவிக்கவே இம்மடல்.

முதல் நன்றி, எங்கள் தொடக்க முயற்சியைத் தயங்காமல் குறை சொன்ன காது கேளாதோர் பள்ளி மாணவர்களுக்கு உரியது. காட்சிப்பொருளின் அருகே ஒட்டியுள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் நான்கு நிமிடக் காணொலி ஓடும். அதுவே போதும் என்று நினைத்திருந்தோம். காது கேட்பவர் விளக்கத்தைக் கேட்டபடியே காட்சிப்பொருளைப் பார்த்துவிடலாம், சைகையைப் பார்ப்பவருக்கோ இரண்டுக்கும் அதே கண்கள்தாம் என்பதை, எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர் கைபேசியையும் காட்சிப்பொருளையும் மாறி மாறிப் பார்த்துச் சலித்துப்போன பிறகுதான் உணர்ந்தோம். இப்போது ஒவ்வொரு காணொலியும் அரை நிமிடத்துக்குள் அடங்கும் துண்டுகளாக உள்ளது. ஒவ்வொரு துண்டின் முடிவிலும் படம் நின்றுவிடும், பார்வையாளர் காட்சிப்பொருளை ஆற அமரப் பார்த்து, இயக்கி, திரையைத் தொட்ட பின்னரே அடுத்தது தொடங்கும்.

அடுத்த நன்றி, சைகை செய்து நடித்துக்கொடுத்த ஆசிரியருக்கு. அவரும் காது கேளாதவர். இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021இல் வெளியிட்ட 10,000 சொற்கள் கொண்ட அகராதியையே முதலில் நாடினோம். அதில் எங்களுக்குக் கிடைக்காத கலைச்சொற்களைப் பற்றி அவர் மாணவர்களுடன் கலந்து பேசி முடிவு செய்தார். அதிரும் தகட்டின் மேல் மணல் கோலமிடும் காட்சிப்பொருளுக்கு அவர் தந்த விளக்கத்தை நானே பலமுறை பார்த்துவிட்டேன். ஜெர்மானிய இயற்பியலாளர் எர்னஸ்ட் கிளாட்னி 1787இல் விவரித்த சோதனை அது. ஒரு கையைத் தகடாக விரித்து, மறுகை விரல்களை மணலாக்கி, அவை அதிராத கோடுகளை நோக்கி ஒதுங்குவதைக் காட்டியபோது, பாடநூலில் ‘கணு’ என்று மனப்பாடம் செய்த சொல் எனக்கே அன்றுதான் விளங்கியது.

புருவத்தை உயர்த்துவதே சைகையில் கேள்வியாகிவிடும் என்பதால், முகமும் கைகளும் ஒருசேரத் தெரியும்படி மூன்று முறை மறுபடியும் படம்பிடித்த ஒளிப்பதிவாளருக்கும், செயலி எதையும் நிறுவாமல், இணையம் தடுமாறும் கூடத்திலும் இயங்கும்படி நிரல் எழுதிய மாணவர்களுக்கும் நன்றி.

கூடத்தின் காவலரை மறக்க இயலாது. எதிரெதிரே நிற்கும் இரண்டு பெரிய கிண்ணங்களில் ஒன்றின் குவியத்தில், அதாவது ஒலி வந்து குவியும் புள்ளியில், கிசுகிசுத்தால் மற்றதில் கேட்கும் காட்சிப்பொருளை என்ன செய்வது என்று நாங்கள் விழித்துக்கொண்டிருந்தோம். ஒலியை அலையாகக் காட்டும் செயலியுடன் கைபேசியை மறுகுவியத்தில் பிடித்துப் பார்க்கும்படி அவர்தான் யோசனை சொன்னார். நண்பன் அங்கே கைதட்ட, இங்கே அலை எழும்புகிறது. கைபேசியை ஒரு சாண் நகர்த்தினால் தணிந்துவிடுகிறது.

இன்னும் இரண்டு காட்சிப்பொருள்கள் மீதமுள்ளன. அவற்றுக்கும் அதே ஆசிரியர் வர இசைந்துள்ளார்.

நன்றியுடன்,
தன்னார்வலர் குழு ஒருங்கிணைப்பாளர்