அங்கிள், ரெண்டு நிமிஷம் உள்ளே போறீங்களா?

புதுச்சேரி,
ஞாயிறு சாயங்காலம்

அன்புள்ள கயல்,

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு நான் மழுப்பிவிட்டேன். வீடியோவில் பேரன் முகம் வந்துவிட்டால் வீடு, பத்திரம் எதுவும் எனக்கு ஞாபகத்தில் நிற்பதில்லை. அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன். எதிர்வீட்டுப் பையன் இதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் உனக்கு அனுப்புவான். 34 வருஷம் பொதுப்பணித் துறையில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவன் கையெழுத்து, படிக்கச் சிரமம் இருக்காது.

நீ கேட்டது இதுதான்: "முகப்பை அப்படியே விட்டுட்டு பின்னாடி மட்டும் இடிச்சுக் கட்டித் தர்றோம்னு சொல்றாங்களேப்பா, அதுல என்ன கஷ்டம்? தெருவுக்கும் அழகு போகாது, நீங்களும் வருஷா வருஷம் ஓடு மாத்திக்கிட்டுக் கெடக்க வேணாம்." உன் அண்ணனும் பெங்களூரிலிருந்து இதையேதான் சொல்கிறான். நியாயமான கேள்விதான். பதில் சொல்வதற்கு முன்னால் போன மாதம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

சனிக்கிழமை காலை, ஏழு மணிகூட ஆகவில்லை. திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். கைலி, பனியன், பக்கத்தில் காபி டம்ளர். கர்நாடகா நம்பர் போட்ட வண்டி ஒன்று வந்து நின்றது. வெள்ளை கவுன் போட்ட பெண், கோட் போட்ட பையன், இரண்டு கேமராக்காரர்கள், வெளிச்சத்தைத் திருப்பிவிடுகிற வெள்ளித் தட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பையன். கல்யாணத்துக்கு முன்னால் எடுக்கிற போட்டோவாம். நம் வீட்டுத் தூணில் ஜோடியாகச் சாய்ந்து நின்றார்கள். கேமராக்காரர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மரியாதையாகத்தான் கேட்டார்: "அங்கிள், ரெண்டு நிமிஷம் உள்ளே போறீங்களா? ஃப்ரேம்ல வர்றீங்க."

எழுந்து உள்ளே போய்விட்டேன். கதவுக்குப் பின்னால் டம்ளரோடு நின்றேன். இரண்டு நிமிஷம் என்றது முக்கால் மணி நேரம் ஆனது. உன் அம்மா சும்மா இருப்பாளா? நடுவில் போய் அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் கொடுத்து, எந்த ஊர், எப்போது கல்யாணம், யார் பார்த்த மாப்பிள்ளை என்று எல்லாம் விசாரித்துவிட்டாள். தாழ்வாரத்து உத்திரத்தில் இருக்கும் இரும்பு வளையம் எதற்கு என்று அந்தப் பெண் கேட்டதாம். மழைக்காலத்தில் மூங்கில் தட்டி கட்டுவதற்கு என்று அம்மா சொன்னதும் அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டது. நல்ல பிள்ளைகள்தான். கோபமெல்லாம் எனக்கு என் மேல்தான். என் திண்ணையிலிருந்து எழுந்திருக்கச் சொன்னார்கள், நானும் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்துவிட்டேன்.

முகப்பை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்கிற பில்டரும் இதைத்தான் சொல்கிறார். கொஞ்சம் நிரந்தரமாகச் சொல்கிறார், அவ்வளவுதான்.

நீ வளர்ந்த வீடு, உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேரனுக்காகச் சொல்கிறேன். தெருவை ஒட்டி மரத்தூண் நிறுத்தி, ஓடு வேய்ந்து, சரிவாக இறக்கியிருப்பது தாழ்வாரம். அதைத் தாண்டினால் திண்ணை, அப்புறம் நடை, அப்புறம் முற்றம். இதில் தாழ்வாரம் பாதி நம்முடையது, பாதி தெருவுடையது. வெயிலுக்கு ஒதுங்குகிறவனை யாரும் என்னவென்று கேட்க மாட்டார்கள். கீரைக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். வீட்டுக்கு வீடு தாழ்வாரம் இருந்த காலத்தில் ஈஸ்வரன் கோயில் தெரு முனையிலிருந்து நம் வீடு வரைக்கும் தலையில் வெயில் படாமல் வரலாம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கை பழக நம் தெருவை அளந்து வரைந்து வைத்தேன், பரணில் இருக்கிறது. அதில் இருக்கும் தாழ்வாரங்களில் இன்று மிச்சம் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும்.

பழைய வீடுகளுக்கு யாரும் நல்லது செய்யவே இல்லை என்று சொன்னால் பாவம். வைசியாள் வீதி உனக்கு ஞாபகம் இருக்கும். இத்தாலியில் ஊர்பினோ, உங்கள் பிரான்ஸில் வில்நேவ்-சூர்-லோ என்று இரண்டு நகரங்களோடு சேர்ந்து, ஐரோப்பியப் பணத்தில், பழைய கட்டிடங்களைப் பாதுகாக்கிற இன்டாக் அமைப்புக்காரர்கள் அந்தத் தெருவின் முகப்புகளைச் சரி செய்தார்கள். விழுந்த தாழ்வாரங்களைத் திரும்ப எழுப்பினார்கள். 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதும் கிடைத்தது. சாயங்காலம் அந்தப் பக்கம் போனால் நானே நின்று தூணின் விகிதத்தைப் பார்ப்பேன், அவ்வளவு நேர்த்தி. மழையில் இடிந்து விழுந்த மேரி கட்டிடத்தையும், அதான் பழைய நகராட்சிக் கட்டிடத்தையும் பார்த்தாயே. 2014 நவம்பரில் விழுந்தது, 2021-இல் அதே தோற்றத்தில் எழுந்து நிற்கிறது. சுவரைக் காப்பாற்ற இந்த ஊருக்குத் தெரியும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் இந்த ஊரின் கதையே வேறு மாதிரி, கயல். இந்த நேர்க்கோட்டுத் தெருக்களுக்கு முதலில் கோடு போட்டவர்கள் டச்சுக்காரர்கள். 1693-இல் ஊரைப் பிடித்து 1699-இல் பிரெஞ்சுக்காரர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பழைய வேதபுரீஸ்வரர் கோயிலை 1748-இல் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளே காலத்தில் இடித்தார்கள். ஆனந்தரங்கப்பிள்ளை அதைத் தன் நாட்குறிப்பில் மனம் நொந்து எழுதி வைத்திருக்கிறார். 1761 ஜனவரியில் அவர் கண்ணை மூடி ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. அவர்கள் கோட்டையையும் ஊரையும் தரைமட்டம் ஆக்கினார்கள். 1765-இல் திரும்பக் கட்ட ஆரம்பித்தபோது ஜனங்கள் வந்து அதே கோடுகளின் மேல்தான் வீடு எழுப்பினார்கள். இடித்த ஈஸ்வரனுக்கும் பிற்பாடு வேறு தெருவில் கோயில் கட்டினார்கள், நாம் கும்பிடுகிற கோயில் அதுதான். அன்றைக்கு ஒரு சுவர்கூட மிஞ்சவில்லை, ஆனாலும் இது புதுச்சேரியாகவே இருந்தது, ஏனென்றால் ஆட்கள் திரும்பி வந்தார்கள். இப்போது சுவர் பத்திரமாக இருக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு நம் தெருவில் நடந்தால் எத்தனை வீட்டில் சமையல் வாசனை வருகிறது என்று எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் கெஸ்ட் ஹவுஸ். வாசலில் அழகான விளக்கு எரியும், கதவில் நம்பர் பூட்டு. போன தடவை சாமி வந்தபோது குருக்கள் தட்டோடு யாராவது நிற்கிறார்களா என்று வீடு வீடாகப் பார்த்துக்கொண்டே போனார். நம் வீட்டில் நின்றார், கோடியில் டெய்லர் வீட்டில் நின்றார். நடுவில் சாமி நிற்கவே இல்லை.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நீ என்னைக் கேலி செய்வாய். அந்தக் காலத்துத் திண்ணை எல்லோருக்குமானது என்று சொன்னால் பொய். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர், மேற்கே நாம் என்று பிரித்தார்கள். மேற்கே நாம் நமக்குள் தெருத் தெருவாக, சாதி சாதியாகப் பிரித்துக்கொண்டோம். கக்கூஸ் கழுவ வருகிறவர் பின் சந்து வழியாக வந்து அப்படியே போய்விடுவார். உன் கொள்ளுப்பாட்டி அவருக்குக் காசை உயரத்திலிருந்து கையில் போடுவாள். நான் பார்த்திருக்கிறேன். அந்த வழக்கம் ஒழிந்ததில் எனக்கு ஒரு சொட்டு வருத்தம் கிடையாது. பழையது எல்லாம் வேண்டும் என்று கேட்கிறவன் இல்லை நான்.

இப்போது யார் உட்காருகிறார்கள் தெரியுமா? சாப்பாடு டெலிவரி செய்கிற பையன்கள். வில்லியனூர், அரியாங்குப்பம், பாகூர் பக்கத்துப் பிள்ளைகள். மிஷன் வீதியிலும் புல்வார் பக்கமும் ஓட்டல்கள் இருப்பதால் ஆர்டருக்காக நடுவில் எங்கேயாவது காத்திருக்க வேண்டும். ஓட்டல் வாசலில் நிற்க விட மாட்டார்களாம். முதலில் ஒருத்தன் தயங்கித் தயங்கித் தாழ்வாரத்து ஓரத்தில் வண்டியை நிறுத்தினான். இப்போது மத்தியானத்தில் நாலைந்து பேர். அம்மா ஒரு மண்பானையும் டம்ளரும் வைத்துவிட்டாள். ஒருத்தன் எம்.காம். படித்திருக்கிறான், எனக்குக் கரண்ட் பில் ஆன்லைனில் கட்டித் தருகிறான். அவர்களில் யாரையும் என்ன ஆட்கள் என்று நான் கேட்டதில்லை, உன் அம்மாவும் கேட்டதில்லை. திண்ணைக்கு இருநூறு வருஷம் கழித்து இப்போதுதான் சரியான வேலை வந்திருக்கிறது.

விற்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. பக்கத்து வீட்டையே பார். மூன்று பங்காளிகள், ஒருத்தர் ரீயூனியனில், ஒருத்தர் சென்னையில். மரக்கட்டை மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசின மெட்ராஸ் டெரஸ் தளம் ஒழுக ஆரம்பித்தால் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் வேண்டும், கடுக்காயும் வெல்லமும் ஊற வைக்க வேண்டும், அந்தப் பக்குவத்துக்குப் பொறுமை வேண்டும். கடனுக்குப் போனால் மதிப்பீட்டாளர் வந்து பார்த்துவிட்டு மனைக்கு மட்டும் விலை போடுகிறார், நூறு வருஷத் தேக்குக்கு ஒரு ரூபாய் கிடையாது. வேறு என்ன செய்வார்கள்? விற்றார்கள். வாங்கியவர் ராத்திரியில் ஜேசிபி வைத்து இடித்தார். நம் கூடத்துப் பொதுச்சுவரில் தரையிலிருந்து உத்திரம் வரை விரிசல் விட்டது. கேட்டதற்கு ஒரு ஆளை அனுப்பி சிமென்ட் வைத்துப் பூசிக் கொடுத்தார்கள். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும், சிமென்ட் விடாது. அடுத்த மழையில் ஈரம் வெளியே வர வழியில்லாமல் சிமென்ட்டைச் சுற்றி உப்புப் பூத்து, பழைய பூச்சு பாளம் பாளமாக உரிந்தது. உனக்கு வீடியோவில் காட்டினேனே, நீ மேப் மாதிரி இருக்கிறது என்று சிரித்தாய்.

நீ ஒரு தடவை சொன்னாய், ஊர் என்பது ஆளோடு கூடவே வரும் என்று. தமிழ்க் கடைகள் இருக்கிற லா ஷப்பல் பக்கம் மாணிக்க விநாயகர் தேர் வருகிறபோது பாரிஸ் ரோட்டில் தேங்காய் உடைகிற சத்தத்தைப் போனில் கேட்க வைத்தாய். பேரன் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளோடு விளையாடி ஆமாம் என்பதற்கு "ஓம் தாத்தா" என்கிறான், எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது. நீ சொன்னது சரிதான். அங்கே கடை இருக்கிறது, மேல் மாடியில் குடி இருக்கிறது, அதனால் தேரும் வருகிறது. இங்கேயும் எனக்கு அவ்வளவுதான் வேண்டும்.

ஆகவே நான் யோசித்து வைத்திருப்பது இது. விற்க வேண்டாம். அப்படியே மியூசியமாகவும் வைத்துக்கொள்ள வேண்டாம். பின்னால் விழுந்து கிடக்கும் மாட்டுக் கொட்டகையையும் பழைய கக்கூஸையும் எடுத்துவிட்டு, இரண்டு அறை, அம்மா முட்டிக்குத் தோதாக வெஸ்டர்ன் டாய்லெட் ஒன்று. நாங்கள் அங்கே போய்விடுவோம். முன் பகுதியை கோடி வீட்டு டெய்லர் குடும்பத்துக்கு விடலாம் என்று இருக்கிறேன். அவர்கள் இருக்கும் வீட்டையும் கெஸ்ட் ஹவுஸுக்குக் கொடுக்கப் போகிறார்களாம், தை மாதத்துக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இரண்டு பெண் குழந்தைகள், பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். வாடகை, கெஸ்ட் ஹவுஸ்காரர் தருவதாகச் சொன்னதில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். உன் அண்ணன் கணக்குப் போட்டு மெசேஜ் அனுப்பிவிட்டான், நஷ்டம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். எனக்கு அப்புறம் நீங்கள் இரண்டு பேரும் என்ன செய்தாலும் அது உங்கள் இஷ்டம். விற்றால் நான் ஆவியாக வந்து உத்திரத்தில் உட்கார மாட்டேன். ஆனால் பூர்வீகச் சொத்து, பின்பக்கம் இடிக்க உன் சம்மதம் எழுத்தில் வேண்டும் என்று வக்கீல் சொல்கிறார். மாப்பிள்ளையிடமும் கலந்து பேசிவிட்டு அனுப்பு.

தச்சர் புதன்கிழமை வருகிறார். தெருப்பக்கத்து இரண்டாவது தூணின் அடியைக் கரையான் தின்றிருக்கிறது. ஒரு முழம் வெட்டி எடுத்துப் புதுத் தேக்கு கோத்துத் தருகிறேன் என்கிறார். எலக்ட்ரீஷியனையும் அன்றைக்கே வரச் சொல்லியிருக்கிறேன். தாழ்வாரத்தில் ஒரு பிளக் பாயின்ட் வைக்க வேண்டும், பையன்கள் போன் சார்ஜ் போட. டெய்லர் மெஷினையும் வெளிச்சத்துக்குத் திண்ணையில்தான் போடுவார், அதனால் இரண்டாக வை என்கிறாள் உன் அம்மா.

அன்புடன்,
அப்பா