லண்டன் பெயர், லியேஜ் முத்திரை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் பழைய துப்பாக்கிகள் பற்றி வந்த கட்டுரையில், குழல் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல் ரவைத் துப்பாக்கி ஒன்றின் படத்துக்குக் கீழே ‘லண்டன் தயாரிப்பு, 14 போர்’ என்று அச்சாகியிருக்கிறது. (போர் என்பது குழல் துளையின் அளவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்.) இரண்டுமே தவறு. சுடும் பொறியைத் தாங்கும் பக்கத் தகடான லாக் தகட்டில் லண்டன் என்று செதுக்கியிருப்பது உண்மைதான். ஆனால் அதே படத்தில் குழலின் அடியில் நீள்வட்டத்துக்குள் ஈ.எல்.ஜி. என்ற எழுத்துகளும், அருகே 14.0 என்ற எண்ணும் தெரிகின்றன. பெல்ஜியத்தின் லியேஜ் நகரில், குழல் வெடிப்பைத் தாங்குகிறது என்று சோதித்து இடும் முத்திரையைப் பெற்று, ஏற்றுமதிக்குப் போன மலிவு விலைத் துப்பாக்கி அது. அளவு 28 போர்.

குழப்பத்துக்குக் காரணம் அந்த எண். ஒரு பவுண்டு ஈயத்தில் சம எடையில் எத்தனை குண்டு வார்க்கலாமோ, அந்த எண்ணிக்கையே போர் எண்; அதில் ஒரு குண்டின் விட்டமே குழல் துளையின் அளவு. ஆங்கிலேயர் இந்தக் கணக்கில் குழலின் மேல் 12, 14 என்று முத்திரையிட்டார்கள். லியேஜ்காரர்களோ குழல் துளையின் விட்டத்தை மில்லிமீட்டரில் அடித்தார்கள். 12 போர் 18.5 மி.மீ., 14 போர் 17.6, 16 போர் 16.8, 20 போர் 15.6, 24 போர் 14.7, 28 போர் 14.0, 32 போர் 13.4. ஆகவே பெல்ஜியக் குழலில் 14.0 என்றிருந்தால் அது சிறு பறவைக்கும் முயலுக்கும் உரிய ஒல்லிக் குழல். முத்திரை தேய்ந்திருந்தால் உள்விட்டக் காலிப்பரால் அளக்கலாம். வாய் விளிம்பில் மட்டும் அளந்தால் ஏமாறுவோம். கெட்டிக்கும் கோல் உரசி உரசி அங்கே துளை அகன்றிருக்கும். இயன்றவரை உள்ளே தள்ளி அளக்க வேண்டும்.

பெயரை நம்பக் கூடாது என்பதற்கு இந்த வணிகமே சாட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்கச் சந்தைக்கு லியேஜிலிருந்து மலிவுத் துப்பாக்கிகள் ஏராளமாகப் போயின. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்ற புகழ்பெற்ற ஆங்கிலப் பெயரை நினைவூட்டும்படி அவற்றில் ‘டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்’ என்று பொறித்தார்கள். லண்டன் துப்பாக்கித் தயாரிப்பாளர் ஜோசப் மான்டனின் பெயரையும் இப்படித்தான் பயன்படுத்தினார்கள். உண்மையான ஆங்கிலத் துப்பாக்கி என்றால் குழலடியில் ஆங்கில முத்திரை இருந்தாக வேண்டும். 1813 முதல் 1904 வரையிலான பர்மிங்ஹாம் முத்திரைகளில் கிரீடமும் குறுக்கிட்ட செங்கோல்களும், அவற்றோடு பி.பி.சி. (BPC) என்ற எழுத்துகளும் இருக்கும்.

லியேஜ் முத்திரையிலேயே காலமும் ஓரளவு தெரியும். நீள்வட்டத்தின் மேல் கிரீடம் இருந்தால் 1893-க்குப் பிந்தியது. ஆய்வாளரின் ஒற்றை எழுத்துக்கு மேல் 1877 வரை கிரீடம், அதன்பின் நட்சத்திரம். அமெரிக்காவுக்குப் போனதா என்றும் பார்க்க வேண்டும். 1890-ன் மெக்கின்லி சுங்கச் சட்டப்படி, 1891 மார்ச் முதல் அங்கே இறக்குமதியாகும் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும். ‘பெல்ஜியம்’ என்று பொறித்திருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. பெயர் இல்லாததை மட்டும் வைத்து முந்தியது என்று முடிவுகட்ட முடியாது.

பொதுவாக முத்திரைகள் கட்டைக்குள் மறைந்திருக்கும் என்பதால் குழலைக் கழற்றியாக வேண்டும். அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. குழல் வாயை ஆள் இல்லாத பக்கம் திருப்பி, நிப்பிளில் (குதிரை எனப்படும் சுத்தியல் வந்து அடிக்கும் சிறு குழாய்முனை) கேப் (தீப்பொறி தரும் சிறு மூடி) இல்லை என்று உறுதி செய்து, மெல்லிய மரக்குச்சியை முட்டும்வரை மெதுவாக உள்ளே விடுங்கள். வாயோரத்தில் குச்சியில் அடையாளமிட்டு, வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்துப் பாருங்கள். நுனி நிப்பிளுக்கு அருகே வர வேண்டும். ஒன்றரை அங்குலத்துக்கு மேல் குறைந்தால் உள்ளே மருந்தும் ரவையும் கிடக்கின்றன என்றே கொள்ள வேண்டும். குளவிக்கூட்டு மண்ணாகவும் இருக்கலாம்தான். அப்படி நினைத்துக் குத்திப் பார்க்காதீர்கள். ஈரம் படாத கரிமருந்து நூறு ஆண்டு கழித்தும் வெடிக்கும். சூடு காட்டாமல், துளை போடாமல், காவல் நிலையத்துக்குச் சொல்லிவிடுவதே சரி.

காலி என்று தெரிந்தபின் கெட்டிக்கும் கோலை உருவி, குதிரையைப் பாதி ஏற்றி, கட்டையின் குறுக்கே உள்ள ஆப்பை மரத்துண்டால் தட்டி எடுத்தால், குழலின் வாய்ப்பக்கத்தைத் தூக்கிக் கொக்கியிலிருந்து விடுவிக்கலாம். மலிவான சிலவற்றில் ஆப்புக்குப் பதில் ஆணி இருக்கும். கொக்கியும் இல்லாமல், குழலின் பின்வாலைக் கட்டையோடு பிணைக்கும் வால்திருகு மட்டும் இருக்கும். துருவுக்கு எண்ணெய் ஊறவிட்டுத் துணியால் துடைத்தால் போதும். உப்புத்தாள் தேய்த்தால் முத்திரையே போய்விடும், பிறகு அந்தத் துப்பாக்கிக்கு வரலாறு கிடையாது. மங்கிய எழுத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்தால் படிக்கலாம். குழலின் மேல்பக்கத்தில் முறுக்கிரும்பின் (இரும்புப் பட்டையை முறுக்கிச் சுற்றிச் செய்த குழல்) வரிகள் தெரிந்து, கட்டை மறைத்த அடிப்பக்கத்தில் அவை சட்டென நின்றுவிட்டால் வரி போலியாகப் பதித்தது.

இதே தோற்றத்தில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஸ்பெயினும் இத்தாலியும் செய்த நகல்களும் உண்டு. ‘கரிமருந்து மட்டும்’ என்ற ஆங்கில வாசகமும் நாட்டின் பெயரும் அவற்றைக் காட்டிக்கொடுக்கும். இத்தாலியக் குழலில் பி.என். என்ற கரிமருந்துச் சோதனை முத்திரையும் இருக்கும். இவற்றின் நிப்பிள் மரை பெரும்பாலும் 6 மி.மீ. அளவு. கால் அங்குல நிப்பிளை அதில் முறுக்கித் திணித்தால் மரை அழிந்து, சுடும்போது நிப்பிள் பின்னோக்கித் தெறிக்கும்.

வீட்டில் வைத்திருப்போருக்கு ஒரு சொல்: 1959-ன் ஆயுதச் சட்டம் 45(சி) பிரிவு விலக்கு அளிப்பது, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழைய ஆயுதங்களுக்கே. பழமை மட்டும் உரிமத்திலிருந்து காப்பாற்றாது.

அந்தப் படக்குறிப்பை ‘லியேஜ், பெல்ஜியம், 28 போர்’ என்று அடுத்த இணைப்பில் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். இங்கிலாந்துக்காரர் பெயரில் விலைபோன பொருளைச் செய்தவை லியேஜ் தொழிலாளர்களின் கைகள்; அச்சிலாவது அவர்கள் ஊர் வரட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்