ஆடு மேய்க்கப் போனவன்: அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

பெரியப்பாவின், உன் அப்பாவின், வருஷத் திதி அன்றைக்கு ஒரே பந்தியில்தான் உட்கார்ந்தோம். நீ என் பக்கம் திரும்பவில்லை, நானும் திரும்பவில்லை. கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "என் புக்ஸ் எல்லாம் உன்கிட்டதான் இருக்கு, அனுப்பிடு" என்றாய். அன்றைக்கு முழுக்க நீ என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

அனுப்பிவிட்டேன். ராபின் ஹாப் வரிசை, ப்ராட்செட், எர்த்ஸீ வரிசையில் முதல் மூன்று, எல்லாம் பார்சலில் வருகின்றன. அதில் நான்காவதான 'தெஹானு' மட்டும் இல்லை. அதைத் தர மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன். ஏன் என்று போனில் சொல்லலாம். ஆனால் போனில் நீ அழ ஆரம்பிப்பாய், நான் குரலை உயர்த்துவேன், சொல்ல வந்தது நின்றுபோகும். எழுதினால் நடுவில் யாரும் பேச முடியாது. நம் வீட்டார் சிலர் நான் எழுதுவதைப் படிக்கிறார்கள் என்பதும் தெரியும். அதனால் சில இடங்களைச் சுற்றிக்கொண்டுதான் போவேன். உனக்குப் புரியும்.

எர்த்ஸீயை எழுதிய உர்சுலா லெ க்வினை எனக்குக் கொடுத்தவளே நீதான், அதை மறக்கவில்லை. முழுப்பரீட்சை லீவில் உங்கள் வீட்டுத் திண்ணையில் முதல் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். அட்டையைப் பார்த்துவிட்டு, கதாநாயகன் கெட் ஒரு வெள்ளைக்காரப் பையன் என்றே நினைத்திருந்தேன். நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு வரியில் விரலை வைத்தாய். அவன் நிறம் செம்பழுப்பு. அவன் நண்பன் வெட்ச் இன்னும் கறுப்பு. அந்தத் தீவுகளில் வெள்ளைக்காரர்கள் என்றால் கடல் தாண்டி வந்து கொள்ளையடிக்கும் கார்க் நாட்டார்தான். 1968ல் இப்படி ஒரு புத்தகம். நான் முதலில் இருந்து திரும்பப் படித்தேன். இந்த முறை கெட்டுக்கு நம் தெருப் பையன்களின் முகம் இருந்தது. 2004ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அந்தக் கதையைத் தொடராக எடுத்து, கெட்டை வெள்ளைக்காரன் ஆக்கியபோது, லெ க்வினே வெளிப்படையாகக் கோபப்பட்டு எழுதினார். அவருக்கு இணையாகக் கோபப்பட்டவள் நீ. உன்னோடு சேர்ந்து படித்ததுதான் எனக்குப் படிப்பு. பள்ளிக்கூடத்தில் கிடைத்தது வேறு.

அப்படிப்பட்டவள் 'தெஹானு'வைப் பாதியில் மூடினாய்.

பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்த பிறகு ஒரு சனிக்கிழமை மதியம். நீ காலையில்தான் பெங்களூரில் இருந்து வந்திருந்தாய். நான் சாப்பாட்டு மேஜையில் அவருக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். எதிர் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து நீ படித்துக்கொண்டிருந்தாய். அவர் வாயின் வலது ஓரத்தில் கஞ்சி வழியும். துண்டால் துடைத்துவிட்டு அடுத்த கரண்டியை இடது பக்கமாகக் கொடுக்க வேண்டும். அதைச் செய்யும்போது நீ நிமிர்ந்து பார்ப்பதில்லை என்று கவனித்தேன். குற்றமாகச் சொல்லவில்லை. பார்க்க முடியாதவர்கள் இருக்கிறார்கள்.

திடீரென்று புத்தகத்தை டப்பென்று வைத்தாய். "உலகத்துலயே பெரிய மந்திரவாதிடி! அவனைப் போய் ஆடு மேய்க்க விட்டுட்டா. இவளுக்கு மனசே இல்லையா?"

பெரியப்பா கேட்டார்: "யாரு?"

நீ ஜன்னல் பக்கம் பார்த்தாய். நான் சொன்னேன், ஒரு கதையில் வருகிறவர், பெரிய பதவியில் இருந்தார், இப்போது சக்தி போய்விட்டது, மலைக்கு ஆடு மேய்க்கப் போயிருக்கிறார் என்று. பெரியப்பா வாயில் இருந்ததை மெதுவாக விழுங்கினார். வார்த்தை குழறியது, ஆனால் தெளிவாகத்தான் கேட்டார். "எத்தனை ஆடு?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"மலைல ராத்திரி எங்க அடைப்பான்? பட்டி இருக்கா, கிடை போடுவானா?"

முப்பது வருஷத்துக்கு மேல் வருவாய்த்துறையில் இருந்து, தாசில்தாராக ஓய்வு பெற்றவர் கேட்கிற கேள்வி அது. படுக்கையில் விழுந்த பிறகு அவர் எதைப் பற்றியும் இரண்டு கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. நீயும் பார்த்ததில்லை. ஆனால் நீ எழுந்து, "அப்பாவுக்கு எதுக்குடி இதெல்லாம்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாய். புத்தகம் மேஜையிலேயே கிடந்தது. ராத்திரி ரயிலுக்குக் கிளம்பியபோதும் நீ அதை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது, பெரியம்மாவுக்கும்கூட. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கதையை அவருக்குத் தமிழில் சொன்னேன். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பத்தி படிப்பேன், பிறகு என் வார்த்தையில் சொல்வேன். டிராகன் முதுகில் நினைவில்லாமல் வந்து இறங்கிய கெட்டை, அவனுடைய பழைய சிநேகிதி டெனார் வீட்டுக்குள் கொண்டுபோய்ப் படுக்க வைக்கிற இடம். சொந்த ஆட்களே அடித்து நெருப்பில் போட்ட குழந்தை தெர்ரு, பாதி முகம் வெந்துபோனவள், டெனாரின் சேலையை... சேலை இல்லை, பாவாடையைப் பிடித்துக்கொண்டே நடக்கிற இடம். பெரியப்பாவுக்குச் சொன்னபோது சேலை என்றுதான் சொன்னேன்.

ஒருநாள் அவருடைய பழைய ஆபீஸில் இருந்து ஒருவர் ஆப்பிள் பையோடு வந்தார். கேட் சத்தம் கேட்டதுமே பெரியப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "தூங்குறேன்னு சொல்லு" என்றார். வந்தவர் ஹாலில் காபி குடித்துவிட்டுப் போனார். மறுநாள் கதையில் அதே இடம்தான் வந்தது. நான் திட்டமிட்டதில்லை. புது ராஜா முடிசூட்டு விழாவுக்கு அழைத்துப்போக ஆள் அனுப்புகிறார். கெட் அவர்கள் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்கிறான். டெனாருக்கே அவன்மேல் எரிச்சல் வருகிறது. இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கித்தான் சொன்னேன். பெரியப்பா உடனே சொன்னார்: "சரியாத்தான் செஞ்சிருக்கான்."

கடைசி வரைக்கும் கெட்டுக்குச் சக்தி திரும்பி வராது என்று அவரிடம் மறைக்கவில்லை. "வரவே வராதா?" என்று கேட்டார். வராது என்றேன். "கூட யாரு இருக்கா?" "டெனார் இருக்கா, பெரியப்பா. அந்தப் பிள்ளையும் இருக்கு." தலையை ஆட்டிவிட்டு, கரண்டிக்கு வாயைத் திறந்தார்.

நீ அப்போது எங்கே இருந்தாய் என்று கேட்கப் போவதில்லை. யார் என்ன செய்தோம், யார் எவ்வளவு அனுப்பினோம் என்ற கணக்கை இங்கே போட மாட்டேன். அது நம் இரண்டு பேருக்கும் அழகில்லை. அதோடு அந்தக் கணக்கில் உன் பக்கமும் நிறைய இருக்கிறது, ஆஸ்பத்திரி நாட்களில் நீ இல்லாவிட்டால் எங்களால் சமாளித்திருக்க முடியாது. ஆனால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. ராபின் ஹாப் கதையில் ஃபிட்ஸின் ஓநாய் செத்ததற்கு நீ எனக்கு நடு ராத்திரியில் போன் செய்து அழுதாய். அதே நீ, சக்தி போன ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிற வீட்டில், சக்தி போன ஒரு மனிதனைப் பற்றிய பக்கங்களைத் தாங்க முடியாமல் மூடினாய். அது எனக்கு ஆறவில்லை.

இதைத்தான் காரியம் முடிந்த அன்று சமையலறையில் சொன்னேன், இதைவிட மோசமான வார்த்தைகளில். "உனக்கு ஜெயிக்கிற ஆளுதான் வேணும், புக்லயும் சரி வீட்லயும் சரி" என்றேன். சித்தி இருந்தார், அத்தை இருந்தார், தட்டு எடுக்க வந்த பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் முன்னால் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், அதே ஆட்கள் இதைப் படிக்கலாம் என்பதால் இங்கேயே கேட்கிறேன். தூங்காமல் இருந்தேன், நீ அந்த நேரம் பார்த்து மருந்து மாத்திரை பற்றி என்னிடம் விசாரணை மாதிரிக் கேட்டாய், இதெல்லாம் உண்மைதான். இருந்தாலும் அப்பாவை இழந்தது நீ. அன்றைக்கு அதை நான் நினைத்துப் பார்த்திருக்கலாம். சொன்ன கருத்தைத் திரும்ப வாங்கச் சொன்னால் மட்டும் முடியாது. ஏனென்றால் புத்தகத்தைப் பற்றி நீ தப்பாகத்தான் பேசினாய்.

பார், மூன்றாவது புத்தகம் 1972ல் வந்தது. செத்தவர்கள் உலகத்துக்கும் நமக்கும் நடுவில் கோப் என்ற மந்திரவாதி திறந்துவைத்த ஓட்டையை அடைக்க, கெட் தன்னிடம் இருந்த மொத்தச் சக்தியையும் கொடுத்துவிடுகிறான். டிராகன் அவனைத் தூக்கிக்கொண்டு பறக்கிறது, கதை முடிகிறது. நமக்கெல்லாம் புல்லரித்தது. அப்புறம் அவன் எப்படிச் சாப்பிட்டான், எங்கே படுத்தான், யார் முகத்தைப் பார்க்கக் கூசினான் என்று நாம் யாரும் கேட்கவில்லை. பதினெட்டு வருஷம் கழித்து, 1990ல், அதை எழுதியவரே கேட்டார். உன்னைப் போலப் பல வாசகர்கள் அன்றைக்கும் கோபப்பட்டார்கள். டிராகன் கதை கேட்டால் அடுப்படிக் கதை கொடுக்கிறார் என்று குறைப்பட்டார்கள். நெபுலா பரிசும் அதே புத்தகத்துக்குத்தான் கிடைத்தது.

முதல் புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே ஒரு பழமொழி வருமே, பெண்களின் மந்திரம் பலவீனமானது, பெண்களின் மந்திரம் கெட்டது என்று. நாம் இரண்டு பேரும் பெண்கள், அந்த வரியை எத்தனையோ முறை தாண்டிப் போயிருக்கிறோம். ஒருமுறைகூட நிற்கவில்லை. லெ க்வின் நின்றார். வீரக் கதை என்பதே ஆண்களின் இடமாக இருந்தது, தானும் அந்த வழக்கத்துக்குள் நின்றுதான் முன்பு எழுதினேன் என்று 1992ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஓர் உரையில் விளக்கினார். எழுதி, புகழ் வாங்கி, உலகமே கொண்டாடுகிற ஒன்றைத் திரும்ப எடுத்து, இதில் யாரை விட்டுவிட்டேன் என்று பார்க்கிற எழுத்தாளர் எத்தனை பேர்? கடைசியில் செங்குத்துப் பாறையின் விளிம்பில் கெட்டும் டெனாரும் சாகப் போகும் நேரத்தில் டிராகனைக் கூப்பிடுவது யார் தெரியுமா? அந்த வெந்த முகக் குழந்தை. நீ அதுவரை போகவே இல்லை. அந்த இடத்தைச் சொன்னபோது பெரியப்பா இடது கையால் மேஜையைத் தட்டினார்.

அதனால்தான் அந்தப் பிரதி என்னிடம் இருக்கும். உனக்கு வேண்டுமென்றால் புதிது வாங்கித் தருகிறேன், மனசாரச் சொல்கிறேன். அதற்குப் பதிலாக 2001ல் வந்த 'தி அதர் விண்ட்' ஒரு பிரதி பார்சலில் வைத்திருக்கிறேன். இது உன்னுடையது இல்லை, நான் வாங்கியது. ஆரம்பத்தில் ஒருவன் கெட்டைத் தேடி வருகிறான். எழுபது வயதுக் கெட் ஏணியில் ஏறி பிளம் பழம் பறித்துக்கொண்டிருக்கிறார். அவமானம் எல்லாம் கரைந்துபோன கிழவர், வந்தவனுக்குப் பழம் கொடுக்கிறார். பெரியப்பாவுக்கு இது வரை சொல்ல முடியவில்லை. அந்த அளவு நாள் அவருக்கு இல்லை. உனக்குக் கெட்டைப் பெரிய ஆளாகப் பார்க்க வேண்டுமென்றால், எனக்குத் தெரிந்து அவர் இங்கேதான் மிகப் பெரிய ஆள்.

அப்புறம், நீ காத்துக்கொண்டிருக்கும் ரோத்ஃபஸ்ஸின் மூன்றாவது புத்தகம், 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' மார்ட்டினின் ஆறாவது புத்தகம் பற்றி உன்னோடு சண்டை போடத் தெம்பில்லை. இரண்டு பேருமே 2011க்குப் பிறகு அந்தத் தொடர்களில் அடுத்ததைத் தரவில்லை, நீ திட்டுவதில் நியாயம் இருக்கலாம். அவர்கள் நமக்குக் கடன்பட்டிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதோடு விடு.

பெரியப்பா போன பிறகு நீ எனக்கு அனுப்பிய ஒரே செய்தி "பிரனேசி படி" என்பது. படித்தேன். பதில் போடவில்லை, கோபத்தில் இருந்தேன். இப்போது போடுகிறேன். சுசானா க்ளார்க் முதல் நாவலுக்குப் பிறகு உடம்பு முடியாமல் பதினாறு வருஷம் கழித்து எழுதிய நாவல் அது என்று எனக்குத் தெரியும், நீதான் முன்பு சொல்லியிருக்கிறாய். முடிவில்லாத அந்த மண்டபங்கள், சிலைகள், கீழே வந்துபோகும் கடல், எல்லாவற்றையும்விட அந்த எலும்புகள்தான் என்னைப் பிடித்துக்கொண்டன. செத்துப்போன பதின்மூன்று பேர், அவர்கள் யார் என்றே அந்த வீட்டில் வாழும் பிரனேசிக்குத் தெரியாது. ஆனாலும் சாப்பாடும் தண்ணீரும் அல்லிப் பூவும் கொண்டுபோய் வைக்கிறான். திதி கொடுத்துப் பழகியவர்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அதைத்தான் சொல்ல நினைத்தாயா? அப்படியென்றால் நன்றி அக்கா. அன்றைக்கே புரிந்திருந்தால் பந்தியில் உன் பக்கம் திரும்பியிருப்பேன்.

ஆனால் முடிவு எனக்குச் சரியாகப் படவில்லை. அவன் அந்த வீட்டை விட்டு வெளியே வந்திருக்கக் கூடாது. உள்ளே அவனுக்கு ஒவ்வொரு சிலையும் தெரியும், அலை எப்போது ஏறும் என்று தெரியும், செத்தவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு வேலையும் இருந்தது. வெளியே வந்து என்ன கிடைத்தது? வந்ததுதான் சரி என்று நீ சொல்வாய். ஏன் என்று எழுது. போன் செய்யாதே, எழுது.

உன் தங்கை