செவரம் இரண்டும் வெள்ளவத்தை வீட்டிலேயே இருக்கட்டும்

அன்புள்ள மகனுக்கு,

மீன்தொட்டி அம்மாவுக்குப் பாரமாக இருக்கும், செவரம் மீன்கள் இரண்டையும் யாரிடமாவது ஒப்படைத்துவிடுங்கள் என்று நீ தொலைபேசியில் சொன்னதற்கு நான் அப்போது மறுமொழி சொல்லவில்லை. நின்ற நிலையில் பேசி முடிக்கிற விடயம் அல்ல என்பதால் எழுதுகிறேன்: அவற்றை ஒருவருக்கும் கொடுப்பதாக இல்லை.

பேரை வாவியில் விட்டுவிடலாம் என்பது உன் பெரியப்பாவின் யோசனை. அலங்காரத்துக்கென்று இந்நாட்டுக்கு வந்த கத்திமீனும் 'டாங்க் கிளீனர்' மீனும் வெளியேறி, நம் நீர்நிலைகளில் பெருகி, உள்ளூர் மீன்களுக்கு எமனாக நிற்பதை எடுத்துச் சொன்ன பிறகே அந்தப் பேச்சு நின்றது. கடைக்குத் திருப்பிக் கொடுக்கவும் எனக்கு மனமில்லை. 20 சென்ரிமீற்றர் வரை வளரக்கூடிய மீனை ஒரு சிறிய தொட்டியில் முரட்டு ஒஸ்கார் மீனுடன் சேர்த்துப் போட்டுவிட்டால், அது அடிவாங்கி, மூலையில் ஒதுங்கி, உண்ணாமல் கிடக்கும்.

சாதுவான மீன் என்று சொல்லித்தான் நீ வாங்கி வந்தாய். அதில் பொய் இல்லை. ஆனால் சாது என்பதற்காக எதனோடும் விடலாம் என்று ஆகிவிடாது. வாய்க்குள் அடங்கும் நியோன் டெற்றாவை அது இரையாகவே எடுத்துக்கொள்ளும். தொட்டியில் உள்ள ஏஞ்சல் மீன்களோடும் அடியில் மேயும் கோரிடோராஸ் மீன்களோடும் வம்பு கிடையாது. முட்டையிடும் காலத்தில் மட்டும் சாது மிரண்ட கதைதான். சோடியாகச் சேர்ந்து தட்டைக் கல்லொன்றை வாயால் சுரண்டித் துப்புரவாக்கி, நூற்றுக்கணக்கான முட்டைகளை அதில் ஒட்டிவிட்டு, இரண்டும் மாறிமாறிக் காவல் நிற்கின்றன. அந்த நாட்களில் ஏஞ்சல்கள் தொட்டியின் மறுகோடிக்குப் போய், வடிகட்டிக் குழாயின் பின்னாலேயே இருந்துவிடுகின்றன. ஒதுங்குவதற்கு அந்த மறுகோடி இருப்பதால்தான் நான்கடித் தொட்டியை நான் குறைக்க விடவில்லை.

பள்ளிக்கூடத்தில் படிப்பித்த பழக்கம் போகவில்லை, இவற்றைப் பற்றியும் தேடிப் படித்தேன். பிரேசிலில் நாட்டரர் என்பவர் சேகரித்து அனுப்பிய மீன்களை வைத்து, வியன்னாவில் ஹெக்கல் என்ற மீனியல் ஆய்வாளர் 1840ஆம் ஆண்டில் ஹீரோஸ் செவரஸ், ஹீரோஸ் எஃபாசியாற்றஸ் என்ற இரண்டு இனங்களையும் விவரித்தார். செவரஸ் முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகளை வாய்க்குள் வைத்துக் காக்கும் இனம். நம்முடையவை அப்படிச் செய்வதில்லை. கடைகளில் செவரம் என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவற்றைப் போல இவையும் எஃபாசியாற்றஸ் வகைதான் என்று நினைக்கிறேன்.

அமேசனில் வெள்ளம் காட்டுக்குள் ஏறும் காலத்தில் நீரில் விழும் பழங்களையும் விதைகளையும் தின்று பழகிய மீனுக்கு இறைச்சியும் இதயத் துண்டும் கொடுப்பது கூடாது. பக்கத்து வீட்டார் பரிவோடு கொண்டுவந்தாலும் நான் தொட்டிக்குள் போட விடுவதில்லை. கங்குன் இலையைக் கொதிநீரில் ஒருதரம் அமிழ்த்தி எடுத்துக் கண்ணாடியோரம் செருகிவிட்டால், மாலைக்குள் தண்டு மட்டுந்தான் மிஞ்சும். அவித்த பச்சைப் பட்டாணியைத் தோல் நீக்கிப் போட்டால், பெரியது வாய்க்குள் எடுத்து, துப்பி, உருண்டு போவதைச் சிவந்த கண்ணால் பார்த்து, மீண்டும் எடுத்து, மாவாக அரைத்த பிறகே விழுங்கும். சிதறும் துகள்களை அடியில் கோரிடோராஸ் பொறுக்கிக்கொள்ளும். நீ நட்டுவைத்த செடிகளுக்கும் இதே கதி நேர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தண்ணீரைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். கொழும்புக் குழாய் நீரின் பெரும்பகுதி அம்பத்தளையில் களனி கங்கையிலிருந்து எடுத்துச் சுத்திகரிக்கப்படுவது. மென்மையான நீர், செவரத்துக்கு ஏற்றது. குளோரின் போகும்படி முதல் நாளே வாளிகளில் பிடித்துத் திறந்துவைத்து, வாரம் ஒருமுறை கால்பங்கை மாற்றுகிறேன். கொட்டம்பாச் சருகு ஒன்றிரண்டு போட்டால் நீர் தேநீர் நிறமாகும்; உனக்குப் பிடிக்காவிட்டாலும் மீனுக்குப் பிடிக்கிறது. வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் கழுவ வேண்டாமென்று வேலைக்கு வரும் அக்காவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். மீன்கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றும் பற்றீரியாக்கள் அந்தப் பஞ்சில்தான் வாழ்கின்றன, குளோரின் நீர் பட்டால் அவை செத்துப்போகும். உங்கள் ரொறன்ரோவைப் போல் ஹீட்டர் இங்கே தேவையில்லை. மாறாக, ஏப்ரல் வெக்கையில் நீர் சூடேறும்போது அதில் ஒட்சிசன் குறைந்துவிடுவதால், காற்றுக்கல்லை இரவும் பகலும் ஓடவிடுகிறேன். 2022இல் மணிக்கணக்காக மின்சாரம் நின்றதை மறக்க முடியுமா? வரும்போது பற்றரியில் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்று வாங்கி வா.

இன்று காலையிலிருந்து சோடி மறுபடியும் கல்லைச் சுரண்டத் தொடங்கியிருக்கிறது. குஞ்சுகள் தேறினால் எல்லாவற்றையும் வைத்திருக்க இடமில்லை. இங்கே பெரிய தொட்டி வைத்திருக்கிற உன் நண்பர்கள் யாராவது எடுப்பார்களா என்று விசாரித்து எழுது. சின்னக் கண்ணாடிப் பெட்டிக்காரர்களாக இருந்தால் வேண்டாம்.

அன்புடன்,
அம்மா