தூக்கம் வரலையா?

மாப்ள முத்து,

நாலு மாசமா உன் போனை எடுக்கலைன்னு கொதிச்சுப் போயிருப்பே. திட்டுறதை நேர்ல வந்து திட்டு. இங்க எல்லாரும் சௌக்கியம். உன் மகளுக்கு வேலை கிடைச்சதை ஓணான் சொன்னான். பாயசம் பாக்கி.

நான் இப்பக் கூட்டம் போடுற ஆளாயிட்டேன். சிரிக்காதே. ரிட்டயர்டு ஆன அஞ்சு பேர் சேர்ந்து மனநலம் பத்திப் பேச ஆரம்பிச்சிருக்கோம். முதல் கூட்டம் நூலகத்துல. 'மனநல விழிப்புணர்வுக் கூட்டம்'னு நோட்டீஸ் ஒட்டினோம். வந்தது ஏழு பேர், அதுல ரெண்டு பேர் பேப்பர் படிக்க வந்தவங்க. வாசல் வரைக்கும் வந்த ஒரு அம்மா நோட்டீஸைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து மூடிக்கிட்டுத் திரும்பிப் போச்சு. "உள்ள போறதை எவனாச்சும் பார்த்தா, என் மகளை யாரு பொண்ணு கேட்டு வருவா?"ன்னு அப்புறம் எங்க வீட்டுல வந்து சொல்லியிருக்கு. மறுமாசம் டீக்கடைப் பெருசு குடுத்த யோசனை: 'ராத்திரி தூக்கம் வரலையா? டாக்டர் பேசுறார்.' பெஞ்சு பத்தலை மாப்ள! முன் வரிசையில யாருங்கிறே? நம்ம கணக்கு வாத்தியார் மகன்.

மனநல உதவிக்கு அரசாங்கம் நடத்துற டெலி மானஸ் போன் நம்பர் 14416ஐ டாக்டர் கரும்பலகையில எழுதினார். காசு கிடையாது, நடுராத்திரியிலயும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். பாதிப் பேரு 'பக்கத்து வீட்டுக்காரருக்கு'ன்னு சொல்லித்தான் எழுதிக்கிட்டாங்க.

கடைசி பெஞ்சுல எங்கண்ணன். 2000த்துல, மனசு சரியில்லாதவங்களைக் கொண்டு போய் விடுற ஏர்வாடி தர்காவுக்கு எங்களை பஸ் ஏத்திவிட்டவன் நீதான். அங்க கொட்டகையில அண்ணன் காலைச் சங்கிலியில கட்டிப் போட்டிருந்ததை உன்கிட்டகூட நான் சொன்னதில்லை. மனசு கேக்காம அப்பா பொங்கலுக்குக் கூட்டிட்டு வந்துட்டார். அந்த ஆகஸ்ட் 6, 2001 விடியக்காலை அதே ஊர்ல இன்னொரு காப்பகத்துல தீப்பிடிச்சு 28 பேர் போனாங்களே, கட்டிப் போட்டிருந்ததால ஓட முடியாம. பேப்பரை மடிச்சு வெச்ச அப்பா அன்னைக்குச் சோத்துல கை வைக்கலை. அண்ணன் கணுக்கால்ல இன்னமும் கறுப்பா ஒரு வளையம் இருக்கு. யாராச்சும் வந்தா வேட்டியை இறக்கி விட்டுக்குவார்.

அவர் எழுந்திரிச்சு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மாத்திரை ஸ்டாக் இல்லைன்னு சொன்னா நான் என்ன செய்ய?" டாக்டர் வாயே திறக்கலை.

அதான் மாப்ள விஷயம். மூணு மாசமா ஆஸ்பத்திரியில இதே பதில். வெளியில வாங்கிச் சமாளிக்கிறோம். போன மாசம் பத்து நாள் அதுவும் கிடைக்கலை. ராத்திரி முழுக்க முற்றத்துல நடந்துக்கிட்டே என்னமோ முணுமுணுத்துக்கிட்டு இருந்தார், மதினி திண்ணையில உட்கார்ந்தே விடிய வெச்சாங்க. கூட்டத்துல "தயங்காம வாங்க"ன்னு வாய் கிழியப் பேசுறோம். வந்தவன் கையில என்னத்தைக் குடுக்க?

2017 மனநலச் சட்டத்தைத் தேடிப் படிச்சேன். கட்டிப் போடவே கூடாதுன்னு 95ஆம் பிரிவு. அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல உள்ள மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில எப்பவும் இலவசமா இருக்கணும்னு 18ஆம் பிரிவு. அதை வெச்சு கலெக்டருக்கு ஒரு மனு எழுதியிருக்கேன். பத்திர ஆபீஸ்ல முப்பது வருஷம் குப்பை கொட்டினவன் நீ, திருத்திக் குடு. திங்கக்கிழமை குறைதீர் நாள், வியாழனுக்குள்ள வேணும். 'மேன்மை தங்கிய'வை மட்டும் வெட்டிடாதே, ஓணான் ஆசைப்பட்டுப் போட்டது.

முதல் கையெழுத்து அண்ணனோடது. அவரே பேனாவைக் கேட்டு வாங்கி, இனிஷியல், தெருப் பேரு எல்லாம் சேர்த்து எழுதியிருக்கார்.

உன்,
சேது