விமானி பயிற்சி எத்தனை மாதம்? அதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு உங்கள் கல்வி இணைப்பில் பைலட் ஆவது எப்படி என்று ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும், 18 வயது நிரம்ப வேண்டும், 200 மணி நேரம் பறக்க வேண்டும், டி.ஜி.சி.ஏ. (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்ககம்) தேர்வுகளில் நூற்றுக்கு 70 எடுக்க வேண்டும், செலவு 45 லட்சத்தில் தொடங்கி 60 லட்சம் வரை போகும். எல்லாம் சரி. பயிற்சிக் காலம் 18 மாதம் என்று ஒரு வரி இருந்ததே, அதை எங்கிருந்து எடுத்தீர்கள்? பயிற்சிப் பள்ளிகளின் நோட்டீஸிலிருந்துதான் எடுத்திருக்க முடியும். எனக்குத் தெரிந்து, அங்கே போய்ப் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

நான் பொதுத்துறை வங்கி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறை என்று இந்த டெல்டா கிளைகளிலேயே சுற்றி, கடைசிப் பல வருடங்கள் கல்விக் கடன் மேசையில் உட்கார்ந்திருந்தேன். இன்ஜினியரிங்குக்கும் நர்சிங்குக்கும் வந்த விண்ணப்பங்களுக்குக் கணக்கே இல்லை, பைலட் படிப்புக்கு வந்தவை மிகக் குறைவு. இப்போது நிலைமை அப்படியில்லை. 2023இல் ஏர் இந்தியா 470 விமானத்துக்கும் இண்டிகோ 500 விமானத்துக்கும் ஆர்டர் கொடுத்தார்கள், அன்றிலிருந்து டிவியைத் திறந்தாலே ஆயிரக்கணக்கில் பைலட் தேவை என்கிறார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேறு 2020இலிருந்து தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் சுகோய் வந்துவிட்டது, வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே தலைக்கு மேல் இடி மாதிரி போகிறது. ஆசை வராமல் என்ன செய்யும்? என் தங்கை மகனுக்கும் வந்தது. தாய்மாமன் என்கிற முறையில், அதைவிட முக்கியமாகக் கடன் விவகாரம் தெரிந்தவன் என்கிற முறையில், கணக்கு வழக்கு முழுக்க என் தலையில் விழுந்தது. அதனால் இதை எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

முதலில் பணம். ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் வங்கி சொத்து ஜாமீன் கேட்கும். நம் ஊரில் சொத்து என்றால் நஞ்சைதான். ஆனால் வங்கிக் கடன் வசூலுக்கான 2002ஆம் வருடத்து சர்ஃபேசி சட்டம், 31ஆவது பிரிவில், விவசாய நிலத்துக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. கடன் வாராக் கடனானால் வீட்டையும் மனையையும் போல அதை வங்கி நேரடியாக எடுத்து ஏலம் விட முடியாது. விவசாயிக்கு அது வேண்டிய பாதுகாப்புதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதனாலேயே மேலாளர்கள் வயல் பத்திரத்தைப் பார்த்ததும், "டவுன்ல மனை, வீடு ஏதாவது இருந்தா கொண்டாங்க" என்பார்கள். நாங்கள் அப்படித்தான் சொல்வோம். டவுனில் வீடு இல்லாதவர் என்ன செய்வார்? வயலை விற்பார், அல்லது வெளியில் வட்டிக்கு வாங்குவார். என் தங்கை வீட்டில் கும்பகோணத்து வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போனது, போதாததற்கு வாய்க்காலை ஒட்டி இருந்த நல்ல வயல் ஒன்று கைமாறியது. அந்த வயலில் இந்த வருடம் வேறு ஒருவர் குறுவை போட்டிருக்கிறார், சரி, அது வேறு கதை.

பள்ளியின் பெயர் வேண்டாம். வடக்கே ஒரு சின்ன ஊரில் ஓடுதளம், பக்கத்தில் ஹேங்கர், கொஞ்சம் தள்ளி ஹாஸ்டல். பையன் விடியற்காலை நாலரைக்கு எழுந்து, வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டு, தோள்பட்டையில் கோடு மாட்டி, ஆறு மணிக்கு பிரீஃபிங் அறையில் இருக்க வேண்டும். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. விமானத்தின் பதிவெண், இன்ஸ்ட்ரக்டர் பெயர், மாணவன் பெயர், அன்றைய பயிற்சி என்ன என்று மார்க்கரில் கட்டம் போட்டு எழுதியிருக்கும். மூன்றாவது சார்ட்டியில், அதாவது மூன்றாவது முறை விமானம் கிளம்பும்போது, பெயர் இருந்தால் அன்றைக்குப் பறந்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை. ஒன்பது மணிக்கு ஒரு விமானம் ஸ்நாக், அதாவது கோளாறு, என்று ஹேங்கருக்குள் போகும். பதினொன்றுக்குக் காற்று ஓடுதளத்துக்குக் குறுக்கே அடிக்க ஆரம்பிக்கும், புதுப் பையன்களை அனுப்ப மாட்டார்கள், அது நியாயம்தான். அப்புறம் யாராவது வந்து டஸ்டரை எடுத்துப் பெயரை அழித்துவிட்டுப் போவார்கள். சாயங்காலம் போன் போட்டால் "இன்னைக்கும் அழிச்சிட்டாங்க மாமா" என்பான். குளிர்காலத்தில் பனிமூட்டம், ஜூனிலிருந்து மழை, நடுவில் ஏவ்கேஸ் தட்டுப்பாடு (முழுக்க இறக்குமதியாக இருந்த இந்த எரிபொருளை இந்தியன் ஆயில் 2022இல் இங்கேயே தயாரிக்கத் தொடங்கியும் அந்தப் பள்ளிக்கு லாரி மட்டும் நேரத்துக்கு வந்தபாடில்லை), அதுவும் இல்லாவிட்டால் உதிரி பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்பார்கள். சம்பா அறுப்பு நேரத்தில் ஒரே ஒரு அறுப்பு மெஷினுக்கு ஊரே வரப்பில் நிற்குமே, அந்த நிலைமைதான் அங்கே வருடம் முழுக்க.

அவன் முதல் சோலோ போன அன்றைக்குக் கூடப் படிக்கும் பையன்கள் தலையில் வாளி வாளியாகத் தண்ணீர் கொட்டிய வீடியோ எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு வாரம் சுற்றியது. செஸ்னா 172 என்கிற சின்ன விமானத்தை ஆள் துணையில்லாமல் எடுத்து ஒரு சுற்று வந்து இறக்கியிருக்கிறான், அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். என் தங்கை அந்த வீடியோவைப் பால்காரருக்குக் கூடக் காட்டினாள். ஆனால் அதற்கப்புறம் மாதக்கணக்கில் பலகையில் அவன் பெயர் ஏறவே இல்லை.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம், பெருக்கல் வகுத்தல் போதும். ஒரு பள்ளியில் 60 மாணவர்கள், பறக்கும் நிலையில் 4 விமானங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஒரு நாளைக்கு 6 மணி நேரம் பறந்தால் மொத்தம் 24 மணி நேரம், ஒரு மாணவனுக்கு 24 நிமிடம். 200 மணி நேரம் முடிக்க 500 பறக்கும் நாள்கள் வேண்டும். காலண்டரில் 500 நாள் அல்ல, வானிலை சரியாக இருந்து நாலு விமானமும் நல்லபடியாக இருக்கிற 500 நாள். நூறு மணி நேரம் பறந்ததும் விமானத்தைப் பிரித்துச் சோதனை செய்ய வேண்டும் என்பது விதி, இந்த வேகத்தில் பதினேழு நாளைக்கு ஒரு முறை ஒவ்வொரு விமானமும் ஹேங்கருக்குப் போகும். இதில் 18 மாதம் எங்கிருந்து வரும்? அட்மிஷன் போடும்போதே இது பள்ளிக்குத் தெரியாதா என்ன? பிரச்சினை விமானம் பழுதாவது இல்லை, இயந்திரம் என்றால் பழுதாகத்தான் செய்யும். இருக்கிற விமானத்துக்கு மீறிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, பணத்தை மட்டும் பறந்த மணிக்கு இல்லாமல் காலண்டர் பார்த்துத் தவணை தவணையாக வாங்கிவிடுவதுதான் பிரச்சினை.

இன்ஸ்ட்ரக்டர்களை நான் குறை சொல்லவில்லை. பாதிப் பேர் இவனைவிட நாலைந்து வயது பெரியவர்கள், லைசென்ஸ் வாங்கிவிட்டு ஏர்லைன் வேலைக்குக் காத்திருக்கிற நேரத்தில் சொல்லிக்கொடுக்கிறவர்கள். அழைப்பு வந்தால் மறுவாரமே போய்விடுவார்கள், போகத்தான் செய்வார்கள். புதிதாக வருகிறவர் முந்தையவர் கையெழுத்தை நம்பாமல், "எங்கே, ஒரு தடவை செய்து காட்டு" என்பார். சில வாரம் பறக்காமல் இருந்தாலும் இதே கதை, இன்ஸ்ட்ரக்டரோடு ஒரு செக் பறந்து காட்டினால்தான் மறுபடி தனியாக விடுவார்கள். பாதுகாப்புக்கு அது அவசியம். ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்குப் பதினைந்தாயிரத்துக்குக் குறையாமல் பில் போடுவது யார் தலையில்? விமானம் இல்லாமல் பையனை உட்கார வைத்தது பள்ளி, கை விட்டுப்போயிற்று என்று பணம் கட்டியது என் தங்கை. இப்படி அழுத்தம் ஏறும் இடத்தில்தான் பறக்காத மணியை லாக் புக்கில் (பறந்த நேரத்தைக் குறிக்கும் ஏட்டில்) எழுதும் குறுக்குவழியும் முளைக்கிறது. பழைய விமானிகள் அதை 'பார்க்கர் 51' ஹவர்ஸ் என்று பேனா பெயரை வைத்துக் கிண்டல் செய்வார்கள். கிண்டலாகவே இருக்கட்டும், அந்த மாதிரி ஆள் ஓட்டும் விமானத்தில் நான் ஏற மாட்டேன்.

இனி என் பழைய மேசைக்கு வருகிறேன். கல்விக் கடனில் படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். அந்தப் படிப்புக் காலம் என்பது பள்ளி எழுதிக்கொடுத்த 18 மாதம். ஆக முப்பதாவது மாதம் முடிந்ததும் தவணை ஆரம்பித்துவிடும், பையன் லைசென்ஸ் வாங்கினானா, இன்னும் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறானா என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. தவணை இல்லாத காலத்திலும் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். முப்பது லட்சம் கடன், பத்து சதவீதம் வட்டி என்றால் மாதம் 25,000. பள்ளியின் ஒரு மாதத் தாமதத்துக்கு இதுதான் விலை, ஹாஸ்டலும் மெஸ்ஸும் தனி.

குறித்த காலத்தில் படிப்பை முடிக்க முடியாதவர்களுக்கு இரண்டு வருடம் வரை நீட்டிப்புத் தர வங்கிகளின் மாதிரித் திட்டத்திலேயே வழி இருக்கிறது, பலருக்கு இது தெரியாது, தெரிந்துகொள்ளட்டும். அதற்குப் பள்ளியிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும். நாங்கள் கேட்டோம். ரொம்ப நாள் அலையவிட்டு, கடைசியில் வந்த கடிதத்தில் தாமதத்துக்குக் காரணம் "மாணவரின் தனிப்பட்ட சூழ்நிலை" என்று இருந்தது! விமானங்கள் நின்றிருந்தன என்று ஒரு வார்த்தை கிடையாது. அப்படியே வங்கியில் கொடுத்தால் பையன் ஒழுங்காகப் படிக்கவில்லை என்றுதான் கோப்பில் ஏறும். திருப்பி அனுப்பினோம், பதில் இல்லை. வேறு வழியில்லாமல் அதையே கொடுத்தோம். பணம் போனதைக்கூட என் தங்கை பொறுத்துக்கொண்டாள், அந்த வரியை அவளால் பொறுக்க முடியவில்லை.

2025 அக்டோபரில் டி.ஜி.சி.ஏ. முதன்முறையாகப் பயிற்சிப் பள்ளிகளுக்குத் தரவரிசை வெளியிட்டது. ஏ பிளஸ், ஏ இரண்டிலும் ஒரு பள்ளிகூட இல்லை, எல்லாம் பி, சி. வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி. ஆனால் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு அப்பா என்ன செய்வார்? போன வருடம் முடித்தவர்கள் சேர்ந்த நாளிலிருந்து எத்தனை மாதத்தில் முடித்தார்கள், இன்றைக்கு எத்தனை விமானம் உண்மையிலேயே பறக்கிறது, அதற்கு எத்தனை மாணவர்கள், இந்த மூன்றையும் ஒவ்வொரு பள்ளியும் வாசலில் எழுதி ஒட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டாலே பாதி ஏமாற்று நின்றுவிடும். பறந்த மணிக்கு மட்டும் பணம் என்பதும் விதியாக வரட்டும்.

அது வரும்வரை, பிள்ளையை அனுப்ப நினைப்பவர்கள் நேரில் போங்கள். விளம்பரம் கொடுப்பவரிடம் பேசாதீர்கள், ஹாஸ்டல் வாசலில் டீ குடிக்கும் சீனியர் பையன்களிடம் பேசுங்கள், எந்த மாதம் சேர்ந்தாய், இப்போது எத்தனை மணி ஆயிற்று என்று கேட்டால் போதும். ஹேங்கரில் டயர் காற்றிறங்கிக் கிடக்கும் விமானத்தையும் சேர்த்துத்தான் "எங்களிடம் பத்து விமானம்" என்பார்கள். மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டினால் தள்ளுபடி என்றால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். உடல் தகுதிக்கான மெடிக்கலில் கிளாஸ் டூ மட்டும் முடித்துவிட்டு அட்மிஷன் போடச் சொல்வார்கள், சி.பி.எல்.லுக்கு (வணிக விமானி லைசென்ஸ்) கிளாஸ் ஒன் வேண்டும், அது கையில் வந்தபிறகே பெரிய தொகை கொடுங்கள். லைசென்ஸ் கிடைத்தாலும் ஏர்பஸ்ஸோ ஏ.டி.ஆரோ ஓட்ட டைப் ரேட்டிங் (அந்த வகை விமானத்துக்கென்றே எடுக்கும் தகுதி) தனி, அதற்கும் பல லட்சம் ஆகும். 2023இல் மட்டும் 1,622 பேர் சி.பி.எல். வாங்கியிருக்கிறார்கள், அத்தனை பேரும் மறுநாளே காக்பிட்டில் உட்காரவில்லை.

கோவில்பட்டி ஓடுதளத்தில் பயிற்சிப் பள்ளி கொண்டுவர தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோ முயற்சி எடுத்தது. வந்தால் நல்லது, பிள்ளைகள் மொழி தெரியாத ஊரில் தவிக்க வேண்டாம், பெற்றோரும் ஒரு பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் நடத்தப்போகிறவரோடு போடும் ஒப்பந்தத்திலேயே ஒரு விமானத்துக்கு இத்தனை மாணவர்தான் என்று எழுதிவிட வேண்டும். அரசு நிலத்தையோ அரசு பெயரையோ கொடுக்கும் இடத்தில் இதைக்கூடக் கேட்க முடியாதென்றால் வேறு எங்கே கேட்பது?

அடுத்த வருடம் இதே கட்டுரையை மறுபடி போடுவீர்கள், தெரியும். அப்போது அந்த 18 மாத வரியை எடுத்துவிட்டு, சமீபத்தில் முடித்த நாலு பிள்ளைகளிடம் பேசி அவர்கள் சொல்வதைப் போடுங்கள். தங்கை மகன் ஒரு வழியாக லைசென்ஸ் வாங்கிவிட்டான், இப்போது டைப் ரேட்டிங்குக்குப் பணம் புரட்டிக்கொண்டிருக்கிறோம். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பள்ளியின் பெயரைக் கேட்டு யாரும் ஆசிரியருக்கு எழுத வேண்டாம், வேலை கிடைக்கும்வரை சொல்லாதீர்கள் மாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
கும்பகோணம்.